அடுப்புக்கு இலக்கு உண்டு, புகைபோக்கிக்கு இல்லை

நோய்த் தடுப்பைப் பற்றி இன்று எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். தொலைக்காட்சியில் வரும் மருத்துவர், மேடையில் பேசும் அமைச்சர், அரசின் கொள்கை அறிக்கை, வாட்ஸப்பில் வரும் காலை வணக்கம் எல்லாம் சொல்வது ஒன்றுதான். நோய் நம் பழக்கத்தால் வருகிறது. உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், பீடி சிகரெட்டை விட வேண்டும், வயது முப்பதைத் தாண்டினால் சுகரும் ப்ரஷரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஓர் ஆண்டைக் குறித்து தேசிய இலக்கு வைத்துவிட்டால் நாட்டின் உடல்நலம் உயர்ந்துவிடும் என்கிறார்கள்.

இதில் பொய் இல்லை. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. விடுபட்ட மீதிப் பாதியில்தான் சென்னைக்கு வடக்கே உள்ள அத்திப்பட்டு இருக்கிறது, மீஞ்சூர் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அதனால்தான் இந்தக் கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் எண்ணூர் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அடுத்த நிறுத்தம் அத்திப்பட்டு. இந்த இரண்டு நிறுத்தங்களைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி மின்திறன் குவிந்திருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், 1990-களில் வந்தது. இரண்டாம் கட்டம் 1,200. மூன்றாவது 800, அது 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. வல்லூரில் என்டிபிசியும் தமிழக மின்வாரியமும் கூட்டாக நடத்தும் நிலையம் 1,500. இன்று காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டதே முக்கியமாக நிலக்கரி இறக்கத்தான்.

அங்கே மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் நன்றாக உதறித்தான் மடிக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தின் மூடியை விரலால் தடவினால் ரேகையெல்லாம் சாம்பல் ஒட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள், வற்றல் பிழிகிறார்கள். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையை ஒட்டியே கிடக்கிறது செப்பாக்கம் கிராமம். சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து, சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் அதே கழிமுகத்தில் இறங்கியது. அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இந்த ஊர்க்காரரிடம் போய் "தினமும் காலையில் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள்" என்று சொல்கிறோம். எந்தக் காற்றில் நடக்கச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

தேசிய இலக்குகளை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். தொற்றா நோய்களுக்கு 2025-ஐ எல்லையாக வைத்து இந்தியா பத்து இலக்குகளை ஏற்றது. அவற்றில் ஒன்பது உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இருந்தவை: அகால மரணம் 25 சதவீதம் குறைய வேண்டும், உப்பு 30 சதவீதம், புகையிலை 30 சதவீதம், உயர் ரத்த அழுத்தம் 25 சதவீதம் என்று நீளும். பத்தாவதை இந்தியாவே சேர்த்துக்கொண்டது. விறகு, வறட்டி போன்றவற்றை எரித்துச் சமைக்கும் வீடுகளின் பங்கு பாதியாகக் குறைய வேண்டும் என்பது அது. நல்ல இலக்குதான். அடுப்புப் புகையில் இருமி இருமிச் செத்த பெண்களுக்கு அந்த இலக்கு என்றோ வந்திருக்க வேண்டும். ஆனால் காற்றால் வரும் நோய்க்கென்று தனி இலக்கே சேர்க்க முன்வந்த நாடு, ஏழைப் பெண்ணின் அடுப்போடு நின்றுவிட்டது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வரை அதன் கை நீளவில்லை.

லான்செட் குழும இதழ் ஒன்று 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2019-ல் இந்தியாவில் காற்று மாசு தொடர்பான மரணங்கள் 16.7 லட்சம். அதில் வெளிக்காற்றின் நுண்துகளால் 9.8 லட்சம், வீட்டுக்குள் எழும் புகையால் 6.1 லட்சம். 1990-லிருந்து பார்த்தால் வீட்டுப் புகையின் மரண விகிதம் 64 சதவீதம் இறங்கியிருக்கிறது. வெளிக்காற்றின் மரண விகிதமோ இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இறங்குகிற பக்கத்துக்கு இலக்கு வைத்தோம். ஏறுகிற பக்கத்தை நோய்த் தடுப்பின் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை வெளிக்காற்றை மறந்துவிடவில்லை. ஒருங்கிணைந்து செயல்பட வேண்டிய ஏழு துறைகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறது, பணியிடப் பாதுகாப்பையும் குறிப்பிடுகிறது. ஆனால் எண்ணும் ஆண்டும் போட்டு இலக்கு எழுதும் பக்கத்துக்கு வந்தால் நிலைமை வேறு. சராசரி ஆயுள் 70, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மரணம் ஆயிரத்துக்கு 23, காசநோய் ஒழிப்பு என்றெல்லாம் துல்லியமாகப் போகும் அந்தப் பட்டியல், தொழில் சார்ந்த பாதிப்புக்கு வந்ததும் விவசாயத் தொழிலாளருக்கு ஏற்படும் காயங்களைப் பாதியாகக் குறைப்பது என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. வார்ப்பட ஆலையின் மணல் தூசு, காரீயம் உருக்கும் பட்டறை, நிலக்கரி இறக்கும் தளம், இவற்றில் வேலை செய்யும் எந்த உடலுக்கும் அங்கே எண்ணும் இல்லை, ஆண்டும் இல்லை.

"காற்றுக்குத்தான் தனித் திட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கானது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி அதில் வருகின்றன. அத்திப்பட்டு மீஞ்சூர் ஒன்றியத்தில் உள்ள ஊராட்சி. மாநகராட்சி எல்லை எண்ணூரோடு முடிந்துவிடுகிறது, காற்றுக்கு அந்த எல்லை தெரியாது. திட்டத்தின் பணத்தில் பெரும்பகுதி சாலைப் புழுதியை அடக்கவே செலவாகிறது. வெற்றியை அளப்பதும் பெரிய துகளை வைத்துத்தான். நுரையீரலின் அடி வரை இறங்கி ரத்தத்தில் கலக்கும் நுண்துகள் அந்த மதிப்பெண்ணில் சேரவில்லை.

ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை சொன்ன பதில் ஒன்று உண்டு: காற்று மாசால் மட்டுமே மரணம் நேர்ந்தது என்று நிறுவும் உறுதியான தரவு இல்லை. இந்த வாதத்தைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். உப்பால் மட்டுமே செத்தார் என்று யாருடைய மரணச் சான்றிதழிலாவது எழுதியிருக்கிறதா? பக்கவாதம் என்று எழுதியிருக்கும், மாரடைப்பு என்று எழுதியிருக்கும். இருந்தும் உப்புக்கு 30 சதவீதம் என்று இலக்கு வைத்தோம். லட்சக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் தந்த ஆதாரம் அதற்குப் போதுமானதாக இருந்தது. அதே வகை ஆதாரம், அதே முறையில் திரட்டியது, நுண்துகளுக்கும் இருக்கிறது. சாப்பிடுகிறவரைத் திருத்த ஓர் ஆதார அளவும், எரிக்கிறவரைத் திருத்த அதைவிடக் கடுமையான ஆதார அளவும் கேட்பது அறிவியல் ஆகாது.

எரிக்கிறவருக்கு நாம் தேதியே வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்குக் கட்டுப்பாடு அறிவித்து, பழைய நிலையங்களுக்கு இரண்டு ஆண்டு கெடு கொடுத்தார்கள். கெடு 2022-க்குத் தள்ளிப் போனது, பிறகும் தள்ளிப் போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு கந்தக நீக்கக் கருவியே கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டார்கள். உயரமான புகைபோக்கியில் போகும் கந்தக வாயு அத்திப்பட்டிலேயே விழுவதில்லை. காற்றில் மிதந்து, நுண்துகளாக மாறி, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்கும். அத்திப்பட்டில் நேராக விழுவது கன்வேயரின் கரித்தூளும், குட்டையின் சாம்பலும், லாரி கிளப்பும் புழுதியும். சென்னையின் அடையாற்றில் குடியிருப்பவரும் இந்தக் கணக்கில் பங்காளிதான்.

மூலத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. பெட்ரோலில் காரீயம் கலந்து விற்ற காலத்தில், அந்தக் காரீயம் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறி அறிவு வளர்ச்சியைக் கெடுத்தது. "பிள்ளைகளைச் சாலைப் பக்கம் விடாதீர்கள்" என்று தாய்மார்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தி அதைச் சரி செய்யவில்லை. 1994-ல் பெருநகரங்களில் குறைக்கத் தொடங்கி, 2000-ல் நாடு முழுவதும் காரீயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள். சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஆணை போனது, முடிந்தது. யாருடைய பழக்கமும் மாற வேண்டியிருக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் பெரிய நோய்த் தடுப்பு வெற்றிகளில் அது ஒன்று என்று நான் நினைக்கிறேன், ஆனால் சுகாதாரத் துறையின் சாதனைப் பட்டியலில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை.

காசநோயின் கதை இதைவிட நெருக்கமானது, ஏனென்றால் அது திருவள்ளூரில் நடந்த கதை. பிசிஜி ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று உலகம் அறிய விரும்பியபோது, அந்தப் பெரிய பரிசோதனை 1968-ல் தொடங்கியது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில்தான். லட்சக்கணக்கானோர் பங்கேற்றார்கள், பதினைந்து ஆண்டு தொடர்ந்து கண்காணித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிய வந்தது. குழந்தைகளுக்கு வரும் கடும் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் போடுகிறோம், அது சரி. ஆனால் ஆளுக்கு ஓர் ஊசி, கதை முடிந்தது என்ற நம்பிக்கையை உடைத்தது இந்த மண். 1999-லிருந்து அதே திருவள்ளூரில் நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை கொடுக்கும் திட்டம் நடந்தபோதும், தொடர் கணக்கெடுப்புகளில் முதலில் இறங்கிய நோய், நான்காவது கணக்கெடுப்பில் மீண்டும் ஏறியது.

இந்தப் படிப்பினை கையில் இருந்தும், 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் அறிவித்தோம். 2015-ல் லட்சத்துக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் 2024-ல் 187. இறக்கம் 21 சதவீதம், வேண்டியிருந்தது 80. மாத்திரையும் பரிசோதனையும் குறைவாக இருந்ததால் மட்டும் இது நேரவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் லான்செட்டில் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு என்று கூடுதல் உணவு கொடுத்ததாலேயே அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அதே ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வருகிறார்கள். சன்னல் இல்லாத அறை. இரவு ஷிப்ட் முடித்து வருபவர், பகல் ஷிப்டுக்குப் போனவரின் பாயிலேயே படுக்கிறார். வார்ப்பட ஆலையின் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்தால் காசநோய் தொற்றும் ஆபத்து பல மடங்கு என்பது மருத்துவம் பல பத்தாண்டுகளாக அறிந்தது. அறைக்குக் காற்றோட்டம், தட்டில் பருப்பு, பட்டறையில் தூசு உறிஞ்சி: இவை மூன்றும் காசநோய்த் தடுப்புதான். காசநோய் இலக்கில் இவற்றில் எதற்காவது ஓர் எண் இருக்கிறதா?

இலக்கை நோயாளி எண்ணிக்கையில் மட்டும் வைப்பதால் வரும் கேட்டைத் தொழுநோயில் பார்த்துவிட்டோம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கு வந்ததும், 2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் ஒழிந்தது என்று அறிவித்தோம். வீடு வீடாகத் தேடுவது தளர்ந்தது. அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள் பதிவானார்கள், உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்களாகவே இருந்தார்கள். 2016-ல் மறுபடி வீடு வீடாகப் போனபோது, ஒளிந்திருந்த நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தார்கள். எண்ணிக்கை குறைய வேண்டும் என்று இலக்கு வைத்தால், எண்ணாமல் விடுவதும் அந்த இலக்கை அடையும் வழியாகிவிடுகிறது.

தொழில்நோய்களில் இன்று நடப்பது இதுதான். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் காரீய நஞ்சு, சிலிக்கா தூசால் வரும் சிலிக்கோசிஸ் உள்ளிட்ட நோய்களின் பட்டியலை வைத்து, அவற்றைக் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. ஆனால் அரசு மருத்துவமனை ஓபி வரிசையில் இளைப்போடு வந்து நிற்பவரிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்க மருத்துவருக்கு நேரமில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-ல் வெளிவந்த தன் நூலில், நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு இதையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு ஆண்டாகியும் நம் ஓபி சீட்டில் அதற்கு இடமில்லை. சீட்டில் வீசிங் என்று எழுதுகிறார்கள், மாத்திரை தருகிறார்கள், அவர் மறுநாள் அதே பட்டறைக்குப் போகிறார். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் ஆறு மாதத்தில் இடம் மாறிவிடுவார், நோய் ஊருக்குப் போன பிறகுதான் முற்றும், தமிழ்நாட்டின் எந்தக் கணக்கிலும் வராது.

தமிழ்நாட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கு மாத்திரையைக் கொண்டுபோனது. உயர் ரத்த அழுத்தம் உள்ளோரில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 2020 ஆய்வில் 7.3 சதவீதமாக இருந்தார்கள், அடுத்த ஆய்வில் 17 சதவீதமாக உயர்ந்தார்கள். பெரிய காரியம். அதைத் தொழிற்சாலைகளுக்கு விரித்து, தொழிலாளரைத் தேடியும் மருத்துவம் போகிறது. ஆனால் அங்கேயும் போய்ப் பார்ப்பது முக்கியமாக சுகரும் ப்ரஷரும்தான். தொழிற்சாலை வாசல் வரை போய்விட்ட நர்ஸம்மாவின் பையில், காரீய அளவு பார்க்க ஒரு ரத்தக் குப்பியும் மூச்சளவு பார்க்க ஒரு ஊதுகருவியும் சேர்ந்தால் அந்தத் திட்டம் முழுமையாகும்.

"மின்சாரம் வேண்டாமா, வேலை வேண்டாமா?" என்ற கேள்வி உடனே வரும். இரண்டும் வேண்டும். 2015-ன் கட்டுப்பாடு எந்த நிலையத்தையும் மூடச் சொல்லவில்லை, கருவி பொருத்தச் சொன்னது. பொருத்தினால் யூனிட் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும். இப்போது அந்தச் செலவை மாநிலம் முழுவதற்குமாகச் சேர்த்து, புகை இறங்கும் ஊர்களின் நுரையீரல்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன. மின்கட்டண அட்டையில் பகிர்ந்து கட்டுவதுதான் நியாயம். வேலையைப் பொறுத்தவரை, தூசு உறிஞ்சி வைத்ததால் மூடிய பட்டறையைவிட, உடம்பு கெட்டதால் வேலையை விட்ட தொழிலாளி அதிகம் என்பது சிப்காட் பக்கம் விசாரித்தாலே தெரியும்.

2025 என்ற எல்லை கடந்துவிட்டது. இனி 2030-க்கும் அதற்குப் பிறகும் புதிய இலக்குகள் எழுதப்படும். அவை மாறுபட்டிருக்க வேண்டுமானால், சில காரியங்களைத் துணிந்து செய்ய வேண்டும். தேசிய சராசரியோடு நிற்காமல், தொழிற்பகுதி ஒன்றியங்களுக்குப் பெயர் சொல்லி இலக்கு வைக்க வேண்டும். மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி முதலில் நாட்டின் சொந்த வரம்பான 40 மைக்ரோகிராமுக்குள் எந்த ஆண்டு வர வேண்டும் என்று எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5, அதைப் பிறகு பேசலாம். எண்ணூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் எண்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திரையோடு நின்றுவிடாமல், அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரும் இளைப்பு நோயாளிகளின் எண்ணிக்கையோடு வாரந்தோறும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். ஆலையின் இசைவாணையைப் புதுப்பிக்கும்போது அந்தக் கணக்கு மேசையில் இருக்க வேண்டும்.

தொழில்நோய்க்கு வைக்கும் முதல் இலக்கு, எண்ணிக்கை உயர வேண்டும் என்பதாகவே இருக்க வேண்டும். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் ராஜஸ்தான் 2019-ல் சிலிக்கோசிஸ் போன்ற தூசு நோய்களுக்கென்றே தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானால் மூன்று லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம் என்று அறிவித்த பிறகு, இல்லை என்று நினைத்திருந்த நோயாளிகள் மேலும் ஆயிரக்கணக்கில் பதிவேட்டுக்கு வந்தார்கள். எண்ணத் தொடங்கிய பிறகுதான் குறைப்பதைப் பற்றிப் பேச முடியும்.

இதற்கு அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் 1939-ன் மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்தைப் புரட்டலாம். நாட்டிலேயே முதலில் வந்த அத்தகைய சட்டம், இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து எழுந்து சுற்றுப்புறத்தாருக்குத் தொல்லை தரும் தூசும் நாற்றமும் அதில் சுகாதாரக் கேடு என்ற வகையில் வருகின்றன. அதை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு கொடுக்கும் அதிகாரம் சுகாதார அலுவலருக்கு உண்டு. வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருந்தால் நோட்டீஸ் கொடுப்பது சுகாதாரத் துறைக்குப் பழகிய வேலை. அத்திப்பட்டின் சாம்பலுக்கும் அப்படி ஒரு நோட்டீஸ் போக எந்தப் புதிய கொள்கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.